சகல புனிதர் திருநாளுக்கு முன்பு

சாவேரியோவிடம் அடி வாங்காதவர்கள் அந்தக் கட்டிடத்தில் குறைவு. வாங்கியவர்கள் எல்லோரும் அக்டோபர் மாதத்தில்தான் வாங்கினார்கள்.

மற்ற மாதங்களில் அவன் பாட்டுக்கு இருப்பான். வடக்கு இத்தாலியில் துரின் நகரத்துக் கசாப்புக் கூடத்தில் வேலை. மாட்டின் நெற்றியில் சம்மட்டி இறக்குகிற வேலை. ஒரே அடியில் காளை முன்னங்காலை மடக்கி விழும். இரண்டாவது அடிக்கு அவன் கை ஓங்கியதில்லை. மாலையில் கைகால் கழுவி, வீச்சம் போகச் சவுக்காரம் தேய்த்து, இரண்டாம் மாடி கிபாவுதோ டீச்சரின் காய்கறிப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு படியேறுவான். ஆனால் மலையிலிருந்து ஊதற்காற்று இறங்க ஆரம்பித்து, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டால் செத்த மாடு மாதிரி சில்லென்று இருக்கும் நாட்கள் வந்துவிட்டால், அவன் வேறு ஆள். ஒரு வருடம், கட்டிடக் கணக்குப் பார்க்க வந்தவரைக் கழுத்துப் பட்டையைப் பிடித்துக் காருக்குள்ளிருந்து இழுத்து வெளியே போட்டான். இன்னொரு வருடம், "போர்வையைப் போத்திக்கிட்டுப் படேன்" என்று மாடிப்படியில் நக்கலடித்த மூன்றாம் மாடிக்காரனுக்கு முன்பல் இரண்டு போயிற்று.

ஐந்து மாடிக்கும் சேர்த்து நிலவறையில் ஒரே ஒரு கரிப் பாய்லர்தான். எப்போது பற்றவைப்பது என்பதை வீட்டு உரிமையாளர்கள் கூடிக் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். பாய்லர் அறையின் சாவியோ சர்வேயர் பௌத்தாசோவிடம். அவர் வீடு கீழ்த்தளத்தில், பாய்லருக்கு நேர் மேலே. பற்றவைத்தால் முதலில் சூடாவது அவர் வீட்டுத் தரைதான். சாவேரியோ இருக்கும் ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்வது கரி எரிந்து மிஞ்சிய மிச்சம்.

"நவம்பர் ஒண்ணு, சகல புனிதர் திருநாளுக்கு முன்னாடி ஒரு கரித்துண்டு எரியாது" என்பார் பௌத்தாசோ. "எங்க தாத்தா காலத்துலேருந்து இந்த ஊர்ல இதான் வழக்கம்."

கரி வண்டிக்குப் பணம் கட்ட யாருக்கும் மனசில்லை. எனவே வருடா வருடம் அவர் பக்கமே கைகள் எழும்.

சாவேரியோவின் ஆத்திரத்துக்கு ஒரு காரணம் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நாட்டின் தெற்குக் கோடியான கலாப்ரியாவிலிருந்து அவனும் மனைவி கார்மேலாவும் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது, தெக்கத்தியானுக்கு வாடகைக்கு வீடு கிடையாது என்று வாசலிலேயே பலகை தொங்கவிட்டிருந்த காலம். கடைசியில் ஒரு கூரையடி அறை கிடைத்தது. ஓட்டு இடுக்கில் வானம் தெரியும். அங்கேதான் சாந்தினா பிறந்தாள். நடை பழகும் முன் ஒரு அக்டோபரில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கீழே பாய்லர் இருந்தது, கரி இருந்தது. "இன்னும் நாள் வரலையே" என்றான் வீட்டுக்காரன். குழந்தையை மார்போடு அணைத்து இரண்டு பேரும் மாறி மாறி ஊதினார்கள். விடியும்போது கார்மேலாவின் கையில் கனம் மட்டும் இருந்தது.

சாவேரியோ எழுந்து கீழே போனான். வீட்டுக்காரனைப் பாய்லர் அறைக் கதவோடு வைத்து அடித்தான். மூக்கு உடைந்தது, விலா உடைந்தது, ஒரு கண் பார்வையே போயிற்று. போலீஸ் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் குழந்தையைப் புதைக்கும்போது அவன் சிறையில் இருந்தான். அந்த ஊரில் ஒரு மனுசரையும் அறியாத, அவர்கள் பாஷையும் சரியாகத் தெரியாத கார்மேலா, பெட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

வெளியே வந்த பிறகு சாவேரியோ இரட்டை ஷிப்ட் பார்த்தான். ரேடியேட்டர் வைத்த வீட்டைச் சொந்தமாக வாங்கினால்தான் உயிர் தரிக்கும் என்று ஒரு வெறி. இந்தக் கட்டிடத்தில் வாங்கியும் விட்டான். முதல் அக்டோபரில் அந்த ரேடியேட்டர் மேல் கையை வைத்தபோதுதான், சூட்டை விலைக்கு வாங்கவில்லை, இரும்பைத்தான் வாங்கியிருக்கிறோம் என்று புரிந்தது.

அந்த வருடம் குளிர் செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மதியத்துக்கு மேல் என்று சொன்னார்கள். புறப்படும் முன் கார்மேலா அலமாரியிலிருந்து சாந்தினாவின் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாள். "கைய வை இது மேல."

"எதுக்கு?"

"யார் மேலயும் கை ஓங்க மாட்டேன்னு சொல்லு. எவன் என்ன பேசினாலும் சரி."

"என் வாய்க்கு அவனுங்க எங்க மதிப்பு குடுக்கானுங்க? கைக்குத்தான பயப்படுதானுங்க."

"உன் கையால எனக்குக் கெடச்சது என்ன? புள்ளைய நான் ஒத்தையில பொதச்சதுதான். சத்தியம் பண்ணுலே."

பண்ணினான். அப்படியும் நம்பாமல் அவள் கூடவே இறங்கி வந்தாள். உரிமையாளர் கூட்டத்துக்குப் பெண்சாதிகள் வருவது வழக்கமில்லை. அவள் பின்னால் கரிக் குவியலை ஒட்டிச் சுவரோரம் நின்றுகொண்டாள், புருஷனின் கைகளைப் பார்த்தபடி.

கூட்டம் பாய்லர் அறையிலேயே நடந்தது. ஆளுக்கொரு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். பௌத்தாசோ தொப்பியைக் கழற்றாமல் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாவேரியோ இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளில் திணித்துக்கொண்டு எழுந்தான்.

"ஐயா, அஞ்சாவது மாடியில மூச்சு விட்டா புகையா வருது. இந்த வருசம் சீக்கிரம் பத்தவைப்போம். மலையில பனி விழுந்தாச்சு, எல்லாரும் பாத்துக்கிட்டுதான இருக்கீங்க?"

"அப்ப மூச்சு விடாம இரு" என்றார் பௌத்தாசோ. சிரிப்பு எழுந்தது. "ஏம்ப்பா, உங்க ஊர்ல கழுதையக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தானே தூங்குவீங்க? ஒண்ணு வாங்கிக்கோ. லிஃப்ட் கிடையாது, படியிலதான் ஏத்தணும்."

சாவேரியோவின் கழுத்து நரம்பு புடைத்தது. பையைக் கிழித்துவிடுவதுபோல உள்ளே முஷ்டிகள் புரண்டன. வெளியே வரவில்லை.

"என்ன, கை எங்க போச்சு? கசாப்புக் கடையில மாட்டோட சேத்து வெட்டித் தொங்கவிட்டாங்களா?" என்றான் பல் போன மூன்றாம் மாடிக்காரன். இவ்வளவு வருடத்தில் அன்றுதான் அவனுக்குத் தைரியம் வந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். சாவேரியோவுக்காக அவன் கை ஒன்று. யாரும் எதிர்பாராமல் கிபாவுதோ டீச்சரின் மெலிந்த கை இன்னொன்று. அவ்வளவுதான்.

"நீங்களுமா டீச்சர்?" என்றார் பௌத்தாசோ, எழுந்து கோட்டைத் தட்டிவிட்டபடி. "நம்ம ஊர்க்காரங்க நீங்க. குளிர்ல இங்க யாரும் செத்ததில்ல."

"எம்புள்ள செத்துச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கார்மேலாவின் குரலை அந்தக் கட்டிடத்தில் பாதிப் பேர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

பௌத்தாசோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அது குளிரால இல்லம்மா. ஜன்னல் சாத்தத் தெரியாத ஜனங்க புள்ள பெத்தா அப்படித்தான் ஆகும்."

சாவேரியோவின் கைகள் பையிலிருந்து பாதி வெளியே வந்தன. ஆனால் அவன் அடி எடுத்து வைப்பதற்குள் அவனைத் தாண்டி ஏதோ பாய்ந்து போனது. கார்மேலா. சுவரில் சாய்த்திருந்த தீ கிளறும் இரும்புக் கம்பி அவள் கையில் இருந்தது. முதல் அடி பௌத்தாசோவின் முழங்கைக்கு மேல் விழுந்தது. சதைக்குள் எலும்பு முறிகிற சத்தம் சாவேரியோவுக்குத் தினப்படி கேட்டுப் பழகிய சத்தம். இரண்டாவது அடி முட்டியில். சர்வேயர் நாற்காலி மேல் சரிந்தார், நாற்காலி நொறுங்கியது. தொப்பி உருண்டு கரியில் போய் விழுந்தது. அவள் கம்பியைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் ஓங்கினாள்.

"ஏ புள்ள! வேணாம்!"

பின்னாலிருந்து அவளை வளைத்துப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் போய் நின்றது. விடவில்லை அவன். காளையைச் சாய்த்தவனுக்கு அந்த ஒடிசலான உடம்பை அடக்க முடியவில்லை. உதைத்தாள், தலையால் அவன் தாடையில் மோதினாள். வாயிலிருந்து சொந்த ஊர்ப் பாஷையில் வந்த வசவுகள் பாதிப் பேருக்குப் புரியவில்லை, புரியாமலே ஒதுங்கினார்கள். கடைசியில் கம்பி கீழே விழுந்தது. அவள் அழவில்லை. பெருமூச்சு விட்டாள், வேலை முடித்தவள் மாதிரி.

பௌத்தாசோவின் பையிலிருந்து சாவிக்கொத்து சிதறிக் கிடந்தது. அதை எடுத்து பாவாடையில் துடைத்துக்கொண்டாள். உடைந்த நாற்காலியை மிதித்து ஒடித்துப் பாய்லர் வாய்க்குள் திணித்தாள். மேலே கரியை அள்ளிப் போட்டாள். தீக்குச்சி கேட்டாள். யாரும் அசையவில்லை. கிபாவுதோ டீச்சர்தான் தன் கைப்பையைத் திறந்து தீப்பெட்டியை நீட்டினார்.

சாவேரியோ தரையில் உட்கார்ந்து, துவண்ட பௌத்தாசோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் கழுத்துத் துணியால் அவர் கையைக் கட்டினான். "அசைக்காதீங்க. அசைச்சா எலும்பு வெளிய வந்துரும்" என்றான்.

ஆம்புலன்ஸும் போலீசும் சேர்ந்தே வந்தன. "யார் அடிச்சது?" என்றான் போலீஸ்காரன்.

சாவேரியோ எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினான். "நாந்தான்."

"பொய்யி" என்றாள் கார்மேலா, முகமெல்லாம் கரியோடு. "நாந்தான் அடிச்சேன். இந்தக் கம்பியாலதான்."

போலீஸ்காரன் தன் சட்டைப் பொத்தான் உயரமே இருந்த அவளைப் பார்த்தான். ரத்தம் வழிகிற மணிக்கட்டோடு நின்ற அவள் புருஷனைப் பார்த்தான். சிரித்துவிட்டான். தூக்குப் படுக்கையில் கிடந்தவரிடம் குனிந்து கேட்டான். பௌத்தாசோவின் கண் ஒரு நிமிடம் கார்மேலாவின் மேல் நின்றது.

"அவன்தான். அந்தத் தெக்கத்தியான்."

மூன்றாம் மாடிக்காரனும் அதையே சொன்னான். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அதையே சொன்னார்கள். இத்தனை வருடமாக அவன்தானே அடித்தான், இதையும் அவனே அடித்ததாக இருந்தால்தான் அவர்களுக்கு வசதி. கிபாவுதோ டீச்சர் மட்டும், "அந்தப் பொண்ணுதான் அடிச்சா. இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்" என்றார்.

"உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும் டீச்சர்" என்றான் போலீஸ்காரன்.

கையில் விலங்கோடு வாசலைத் தாண்டும்போது கார்மேலா ஓடிவந்து சாவேரியோவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "மறுபடியும் என்னை ஒத்தையில விட்டுட்டுப் போறியா? கேட்டனா உன்னை? நான் கேட்டனா?"

நீதிமன்றத்தில் பழைய வழக்கைத் தூசு தட்டி எடுத்தார்கள். எட்டு மாதம் போட்டார்கள். முதல் தடவை பார்க்க வந்தபோது கார்மேலா கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"வீடு சூடா இருக்கா?" என்றான்.

"வேர்க்குது. ஏன்டா ஒத்துக்கிட்ட?"

"உன்னைப் புடிச்சுட்டுப் போனா நான் அந்த வீட்டுல உக்காந்து என்ன செய்ய? சொவத்தையா அடிக்க?"

பிறகு அவள், அதுவரை ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள். சாந்தினாவைப் புதைத்த அன்று மழை பெய்ததையும், குழி தோண்டியவன் கூலி வாங்காமல் போனதையும், திரும்பி வரும் வழியில் ட்ராம் எது என்று தெரியாமல் இருட்டும்வரை நடந்ததையும். அவன் கம்பியில் நெற்றியை வைத்துக் கேட்டான். நேரம் முடிந்தது என்று காவலர் வந்து தோளைத் தொட்டபோது அவரைத் தள்ளிவிட்டான். அதற்கு மூன்று நாள் தனியறை.

ஜூனில் விடுதலையாகி வந்தான். கீழ்த்தள வாசலில் பௌத்தாசோ நின்றிருந்தார். முறிந்த கை கோணலாகத்தான் ஒட்டியிருந்தது.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்றான் சாவேரியோ.

"ஒரு பொம்பள கிட்ட அடி வாங்கிட்டு இந்தத் தெருவுல நான் எப்படி நடக்கறது?"

சாவேரியோவுக்கு மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தது. கையை உயர்த்தினான். உடனே அந்தக் கிழவர் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினார். அப்படி ஒடுங்கிய உடம்புகளை அவன் எவ்வளவோ பார்த்திருக்கிறான். தன் கைக்கு முன் ஒடுங்குவது மாடு மட்டும்தான் என்று நினைத்திருந்தான். கையை இறக்கிவிட்டுப் படியேறினான். அதற்குப் பிறகு அவன் யாரையும் அடித்ததாகத் தெரியவில்லை.

சாவியைக் கார்மேலா திருப்பிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. குளிருகிறது என்று அவளுக்குத் தோன்றுகிற அன்று பாய்லர் எரியும். பௌத்தாசோ வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அதை வாங்கி வந்த இளைஞன் முதல் கூட்டத்திலேயே, இவ்வளவு சீக்கிரம் ஏன் கரி எரிக்க வேண்டும் என்று கேட்டான். மூன்றாம் மாடிக்காரன் அவன் காதில் கிசுகிசுத்தான். "வாய மூடு தம்பி. அதோ உக்காந்திருக்காரே, அவரு இதே எடத்துல ஒரு சர்வேயர் கைய முறிச்சவரு."

சாவேரியோவுக்கு அது கேட்டுவிட்டது. "நான் இல்லப்பா" என்றான், பக்கத்தில் சுட்ட செஸ்நட் கொட்டையின் தோலை உரித்துக்கொண்டிருந்த மனைவியைக் காட்டி. "இவதான்."

அறை முழுக்கச் சிரித்தது. புது ஆளும் சேர்ந்து சிரித்தான். கார்மேலா நிமிர்ந்து பார்க்கவில்லை. உரித்த செஸ்நட்டை வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தாள்.