லாபம், ரெண்டு, மூணு

பொன்னம்மைக்கு நாற்பது வயது இருக்காது. கழுத்து மட்டும் வயதானது. அவள் இருந்த பாறைவிளையில் கிணறு கிடையாது. ஆற்றிலிருந்து மேட்டுக்குக் குடம் சுமந்து சுமந்து அந்தக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டது.

நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் வேலப்பன், ஆரியசாலை மண்டியில் நெல் அளப்பவர். காய்ச்சலில் போனார். பிள்ளைகளில் செல்லபாய் ஒருத்திதான் மிஞ்சினாள். நெல்லை அவித்துக் குத்திக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள் பொன்னம்மை. நெல் அவிக்கத் தண்ணீர் வேண்டும். அதனால் ஒவ்வொரு பஞ்சாயத்துக் கூட்டத்துக்கும் வந்து வாசலில் நிற்பாள்.

எங்கள் பஞ்சாயத்து பல கரைகள் சேர்ந்தது. கரை என்றால் இங்கே ஊர்ப்பிரிவு. இருநூறு பேருக்கு மேல் உள்ள கரைக்குப் பொதுக்கிணறு என்று ஒருவழியாகத் தீர்மானம் வந்தது. கொல்லம் ஆண்டு 1116 மாசியில் ஜனத்தொகைக் கணக்கும் வந்தது. எடுக்கப் போனவன் நான். எங்கள் வீட்டில் பி.ஏ. வரை போன முதல் ஆள். சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டுச் சலித்து, அந்தப் பஞ்சாயத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன்.

பாறைவிளையில் அன்று குழந்தைச் சத்தமே இல்லை. பொன்னம்மை வீட்டுக் கொடியில் சின்னப் பாவாடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"பிள்ளைகள்?"

"ஒண்ணும் இல்ல சாரே."

வீட்டுக்காரர் சொல்வதை எழுத வேண்டும் என்பது உத்தரவு. எழுதினேன்.

பாறைவிளை இருநூறைத் தொடவில்லை. கிணறு இல்லை என்று தெரிந்ததும் பொன்னம்மை ஆபீசுக்கு வந்தாள்.

"எங்க கரையில ஆளு இல்லேன்னு எழுதியாச்சாக்கும்? அப்ப ஆத்துக்குப் போற பாதையத் தேய்ச்சது யாரு, பேயா?"

வீடு வீடாக என்ன சொன்னார்கள் என்று வாசித்துக் காட்டினேன். பல வீட்டிலும் 'பிள்ளை ஒண்ணும் இல்ல' என்றே இருந்தது.

"பிள்ளையள எண்ணினா வாழாதுல்லா. கண்ணு பட்டு ரெண்டு போச்சு. இருக்கதையும் எண்ணச் சொல்லுதியளா?"

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் என் அம்மாவும் 'ஏதோ கிடக்கு' என்றுதான் சொல்வாள். பட்டம் வாங்கிய நான் கண்ணேறு படும் என்று நம்பவில்லை. ஆனால், 'நம்பாதே' என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

இரண்டு நாள் அவளைக் காணோம். மூன்றாம் நாள் ஆபீஸ் முற்றம் முழுக்கப் பிள்ளைகள். பின்னால் தாய்மார்கள், பயந்த முகத்தோடு. பிரசிடெண்ட் ஸ்ரீகண்டன் நாயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்தா பொன்னம்மை, பள்ளிக்கூடம் இங்கோட்டு மாறியோ?"

"இதுவளும் எங்க கரைதான் சாமி. எண்ண வேண்டாம். நான் அளக்கேன், நீங்க எழுதுங்க."

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். வேலப்பன் மண்டியில் அப்படித்தான் அளந்தார். அதைச் சொல்லித்தான் தாய்மார்களை அழைத்து வந்திருந்தாள். ஆனாலும் வரிசையின் தலைப்பில் பிள்ளையை நிறுத்த ஒருத்தியும் முன்வரவில்லை. பொன்னம்மை செல்லபாயைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். உச்சந்தலையில் கை வைத்து, மண்டிக்காரர் ராகத்தில் இழுத்தாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

முன்பு எழுதிய பெரியவர்களோடு சேர்த்தபோது கரை இருநூறைத் தாண்டியது. தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்கள். நான் எழுதிய காகிதத்தைப் பிரசிடெண்ட் பார்த்தார்.

"இதெந்தாடோ? செல்லபாய் பேருக்கு நேரே நம்பர் எவிடே?"

முதல் இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.

"அவ அம்மா லாபம்னுதானே சொன்னா, சார்."

"மேலே உள்ளவனுக்கு லாபம் புரியுமோ? காகிதத்தைத் திருப்பி இங்கோட்டு அயக்கும். பின்னே கிணறும் இல்ல, ஒண்ணும் இல்ல." அவர் குரலில் கோபமில்லை, அலுப்புதான். "பொன்னம்மை, நீயே சொல்லு. ஒண்ணு போடட்டா?"

அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்த கழுத்தைக் கையால் தாங்கியபடி மகளைப் பார்த்தாள்.

"கிணறு எப்ப வெட்டுவிய?"

"இடவப்பாதி மழை கழியட்டும்." வைகாசி நடுவில் பிடிக்கும் பருவமழை அது.

"அதுவரைக்கும் ஆறுதான்." அவள் எழுந்தாள். "போடுங்க சாரே. கொஞ்சம் பொறுத்துப் போடுங்க. இவள முதல்ல கூட்டிட்டுப் போயிருதேன்."

வாசலில் வைத்திருந்த குடத்தை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, மகளை எங்கள் பார்வைக்கு மறுபக்கம் மறைத்தபடி, ஆற்றுப் பாதையில் இறங்கினாள்.

"இனி எழுதடோ" என்றார் பிரசிடெண்ட்.

செல்லபாயின் பாவாடை நுனி வளைவில் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. நான் எதை நம்பிக் காத்திருந்தேன் என்று தெரியவில்லை. அது மறைந்த பிறகுதான் ஒன்று போட்டேன்.