ரெஜினா அக்கா பாட்டை நிறுத்திய பின்னேரம்

பொரித்த ரோல்ஸ் மணம். அதற்குள் மெல்லியதாய் மெழுகுதிரி மணம்...

இத்தாலியில், ஒரேத்தோவில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கீழே இருக்கும் அந்த மண்டபத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிறு பின்னேரம். ரெஜினா அக்கா தானே எழுதிய பாட்டுகளைத் தனியாகக் கிற்றார் வாசித்துப் பாடப் போகிறார் என்றார்கள். அமெரிக்க மாட்டுக்காரர் பாடுகிற மாதிரிக் கன்ட்ரி பாட்டுகள். தமிழில்.

எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. மேடையில் சொந்தக் கதை சொல்பவர்கள் என்றாலே நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். அன்றும் போனேன்.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"கன்ட்ரி எண்டால் தொப்பியெல்லோ போட்டுக்கொண்டு வரவேணும்?"

"பொறடி, குதிரையை வெளியிலை கட்டிப்போட்டு வாறா."

தொப்பி இல்லை. வேலைக்குப் போகும் அதே நீலச் சட்டை. பக்கத்து ஊரான பகேரியாவில் அவர் பராமரிக்கும் இத்தாலியக் கிழவி, அந்தச் சிஞ்ஞோரா, கொடுத்த பழைய கிற்றார்.

முதலில் சனம் நன்றாகச் சிரித்தது. விசாவுக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்றபடி நித்திரையானதைப் பற்றி ஒரு பாட்டு. உப்பில்லை என்று சிஞ்ஞோரா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளுவதைப் பற்றி இன்னொன்று.

பிறகு சொன்னார்: "அடுத்தது என்ர மனிசனைப் பற்றின பாட்டு."

அக்காவின் மனிசன் அன்ரன் அண்ணை கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர். அக்காவுக்கு இந்தக் கன்ட்ரி பைத்தியத்தைத் தொற்றவைத்ததே மன்னாரில் அவர் போட்டுக் கேட்ட கசற்றுகள்தான். அவருடைய ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி உறவினர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். அக்கா சம்மதிக்கவேயில்லை.

கிற்றார் தொடங்கியது. முன்வரிசையில் செபமாலை அண்ணை எழும்பித் தலையைக் குனிந்தார். எங்களுடைய கூட்டங்களில் இறந்தவர்களுக்கு எழும்பி நிற்பது பழக்கம். அவரைப் பார்த்து அடுத்த வரிசை... அதற்கடுத்த வரிசை... நானும்தான். மண்டபமே நின்றது.

அக்கா தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை நிறுத்தினார்.

"ஏன் எழும்பினியள்?"

செபமாலை அண்ணை பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"செபமாலை அண்ணை, அவர் செத்துப்போனார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

கோபமே இல்லாத குரல். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. இருங்கோ."

எல்லோரும் உட்கார, மாபிள் தரையில் அத்தனை பிளாஸ்டிக் கதிரைகளும் உரசின. அது ஓயும்வரை காத்திருந்தார். "சனத்தை நிக்கவைச்சோ பாடினனீ எண்டு அவர் வந்து என்னைத்தான் பேசுவார்" என்றார். செபமாலை அண்ணைதான் முதலில் சிரித்தார்.

பிறகு பாட்டு, முதலிலிருந்து.

அது ஒப்பாரி இல்லை. வீட்டுக்குப் பிந்தி வருகிற புருசனை ஒரு மனுசி வாசலில் நின்று ஏசுகிற பாட்டு. சோறு ஆறிப்போச்சு, சைக்கிளை எங்கே விட்டாய், ஈரத்தலையோடு படுக்காதே... அவ்வளவுதான். அந்தச் சின்ன ஏச்சுகளுக்குள் இத்தனை வருடக் காத்திருப்பும் இருந்தது.

பாட்டு முடிந்தும் நான் கை தட்டவில்லை. கை இருப்பதே மறந்துபோயிருந்தது.

போன கிழமை அக்காவின் முதல் அல்பம் வந்திருக்கிறது. எல்லாம் அவருடைய வாழ்க்கைதான். ஸ்டூடியோவில் துப்புரவாக ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள், மண்டோலின்கூட உண்டு. அந்த ஒரு பாட்டை மட்டும் அக்கா திரும்பப் பாடவில்லை. அன்று மண்டபத்தில் யாரோ போனில் எடுத்ததையே போட்டிருக்கிறார்.

இப்போது அந்த மண்டபத்தில் கூட்டங்கள் குறைவு. பாதிப்பேர் லண்டன் போய்விட்டார்கள். செபமாலை அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய அடக்கப் பூசையில் அக்காதான் பாடினார். அன்ரன் அண்ணைக்கு இன்றுவரை பூசை இல்லை.

நேற்று பகேரியா பஸ்ஸில் நின்றபடி கேட்டுக்கொண்டு வந்தேன். கிற்றார்... சனம் எழும்பும் சத்தம்... மௌனம்.

"இருங்கோ" என்றார் அக்கா, காதுக்குள்.

பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. இருந்தேன்.