அக்கா கற்ற பர்மா பாஷை

யுத்தம் நடந்த வருஷங்களில் திருத்தணியில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேற்று பாஷையின் மேல் ஆசை வந்திருந்தது. தமிழும் தெலுங்கும் நாங்கள் பிறந்ததிலிருந்தே வாயில் இருந்தவை. அவற்றை யாரும் கற்றுக்கொள்ளும் பாஷையாக நினைப்பதில்லை. என் கணவர் அரக்கோணத்தில் ரயில் எஞ்சின் பழுதுபார்க்கும் ஷெட்டில் வேலை பார்த்தார். துரை கேட்பதற்கு இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரிந்தால் மேஸ்திரி ஆகிவிடலாம் என்று, காலையில் கிணற்றடியில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் இந்துஸ்தானி பழகினார்கள். கட்டளை புரியாமல் உதை வாங்கக் கூடாது என்பதுதான் காரணம். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று மூட்டை முடிச்சோடு ஓடிவந்து மலையடியில் சத்திரத்தில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவர் ஜப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தார். "வெள்ளைக்காரன் வந்தப்போ இங்கிலீஷ் தெரிஞ்சவன் பொழைச்சான். ஜப்பான்காரன் வந்தா அவன் பாஷை தெரிஞ்சவன் பொழைப்பான்" என்று என் கணவரிடம் சொன்னாராம். அன்று அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

என் ஓரகத்தி கற்றுக்கொண்டது பர்மா பாஷை. அவள் என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த அண்ணனை, எங்கள் பக்கத்து வழக்கப்படி பாவா என்போம். கல்யாணமான மறு வருஷமே ரங்கூனில் ஒரு அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனவர். ஆரம்பத்தில் ஒருமுறை வந்து போனார். அதற்குப் பிறகு வரவில்லை. அக்காவுக்குக் குழந்தை இல்லை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மாமியார் இறந்து, வீட்டை அக்காதான் நடத்திக்கொண்டிருந்தாள். பாவாவைப் பற்றி யாராவது விசாரித்தால், "நல்லா இருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

ரங்கூன் விழுந்த சில மாதங்களில், ஒரு வெயில் மத்தியானம், வண்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டார். ஸ்டேஷனிலிருந்து ஒரு ஆளை ஏற்றி வந்திருந்தார். வண்டிக்குள் பாவா படுத்திருந்தார். நான் முன்பின் பார்த்திராத ஆள் என்பதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காவுக்கும் முதலில் தெரியவில்லை என்பதுதான் பயங்கரமாக இருந்தது. கால் இரண்டும் வீங்கி, துணி சுற்றியிருந்தது. அவர் பக்கத்தில், ஒரு துணிப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஐந்து வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. தட்டையான சின்ன முகம். எங்களைப் பார்த்ததும் பாவாவிடம் ஏதோ கேட்டது. அவர் அதே பாஷையில் பதில் சொன்னார்.

இருவரையும் உள்ளே கொண்டு வந்தோம். பாவாவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அக்கா, "யாரு பெத்தது?" என்றாள்.

"என்னுதுதான்" என்றார் அவர். "அதோட அம்மா வழியில காலரால போயிட்டா. காட்டுலயே வுட்டுட்டு வந்துட்டேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மிச்சக் கஞ்சியையும் ஊட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

பாவா இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. காடும் மலையும் நடந்து, கப்பல் ஏறி, கல்கத்தாவிலிருந்து ரயிலில் வந்த உடம்பில் மிச்சமொன்றும் இல்லை. அவர் இருந்தவரை அந்தக் குழந்தை அவரோடு மட்டும் பேசியது. அவர் போன அன்று அந்த வீட்டில் அதன் பேச்சைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லாமல் போயிற்று. பிணத்தை எடுத்துக்கொண்டு போனபோது பின்னாலேயே ஓடியது. தெருக்காரப் பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள். "அமே, அமே" என்று அலறியது. "அம்மான்னு உன்னத்தான் கூப்புடுது பாரு" என்று ஒருத்தி அக்காவிடம் சொன்னாள். அக்கா தாலி இறங்கிய கழுத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவே இல்லை.

முதல் மாதத்தில் அவள் அந்தக் குழந்தைக்குச் சோறு போட்டாள், குளிப்பாட்டினாள், ஆனால் ஒருமுறைகூடத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் நிலையில் நான் இருந்தால் சோறுகூடப் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. முனகிக்கொண்டே படுத்திருந்தது. "பைக், பைக்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. கூட வேறு ஏதோ சொன்னது. எங்கள் காதில் விழுந்தது அது ஒன்றுதான். அப்பாவின் பையைத்தான் கேட்கிறது என்று அக்கா பரணிலிருந்து அந்தத் துணிப்பையை எடுத்துக் கொடுத்தாள். குழந்தை அதைத் தூக்கி எறிந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னது. ஒருவேளை பைக்குள் இருந்த எதையாவது கேட்கிறதோ என்று, அதிலிருந்த ஒரு லுங்கியையும் தகரக் குவளையையும் முன்னால் வைத்தோம். அது கண்ணை மூடிக்கொண்டு அழுதது. மறுநாளும் இதேதான். ஒரு குழந்தை உங்கள் எதிரில் படுத்துக்கொண்டு தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது, நீங்கள் பையை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளி பர்மாவிலிருந்து நடந்தே வந்துவிட்டதாகக் கடைத்தெருவில் பேச்சு இருந்தது. அக்கா என் கணவரை அனுப்பினாள். அந்த ஆள் வர மறுத்துவிட்டார். "அந்த பாஷைய அங்கியே வுட்டுட்டேன், போங்க" என்றாராம். அவருடைய மனைவியும் மகனும் அந்த நடைவழியிலேயே இறந்திருந்தார்கள். என் கணவர் திரும்பி வந்து இதைச் சொன்னதும் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷன் செத்து இரண்டு மாதம் ஆகாத பெண் வெளியே போகக் கூடாது என்பதையெல்லாம் பார்க்காமல், குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் அதைத் தூக்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். நானும் வண்டியில் கூடப் போனேன்.

அந்த ஆள் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அக்கா குழந்தையை அவர் எதிரில் கிடத்தினாள். அது வழக்கம்போல முனகியது. அவர் கை நின்றுவிட்டது.

"வவுறு வலிக்குதுன்னு சொல்லுதும்மா" என்றார். "பைக்குன்னா வவுறு."

பிறகு அவராகவே குனிந்து அதனிடம் ஏதோ கேட்டார். குழந்தை கண் திறந்து பார்த்தது. அது பேச ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை. மூச்சு வாங்க வாங்கப் பேசியது. அவரும் தலையாட்டிக்கொண்டே, முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இடையிடையே எங்களுக்குச் சொன்னார். "ரொம்ப நாளா வலிக்குதாம்... மோர் ஊத்தாதீங்க, புடிக்கலயாம்... ராத்திரி இருட்டுல படுக்க பயமாம்..."

ஆஸ்பத்திரி கம்பவுண்டர் குடல் ஜுரம் என்று மருந்து கொடுத்தார். பத்துப் பதினைந்து நாளில் தேறிவிட்டது. ஆனால் அக்கா அத்தோடு விடவில்லை. அந்த ஆள் வாரம் ஒருமுறை புடவை மூட்டையோடு திருத்தணிக் கடைத்தெருவுக்கு வருவார். அவரை வீட்டுக்கு அழைத்து எங்கள் முற்றத்தில் உட்காரவைத்துப் பாஷை கேட்க ஆரம்பித்தாள். நானும் கூட உட்கார்ந்திருப்பேன். தண்ணீருக்கு யே. சோறு சாப்பிடு என்பதற்குத் தமின் சா. பயப்படாதே என்பதற்கு மச்சௌக்நே. அக்காவுக்கு எழுதத் தெரியாது; எல்லாம் வாயில்தான். அரிசி களையும்போதும் சாணி தட்டும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். தெருவில் என்ன பேசினார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. தாலியறுத்தவள் வீட்டில் வாரா வாரம் ஒரு ஆம்பிளை. என் கணவர்கூட ஒருநாள், "போதும் அண்ணி, அதுதான் இப்போ தமிழ் பேசுதே" என்றார்.

"அது பேசுது. நான் ஒண்ணு கேக்கணும். அத அது பாஷையிலதான் கேக்கணும்" என்றாள் அக்கா.

அவள் என்ன கேட்கப்போகிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒருநாள் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்த ஆளும் வந்திருந்தார். அக்கா பின்னலை முடிக்காமலே, "அமே பேமாலே?" என்றாள். அம்மா எங்கே என்று அர்த்தம்.

குழந்தை திரும்பாமலே, "அமே எய்ன்மா" என்றது.

எனக்கே அது புரிந்தது. அம்மா வீட்டில்.

அக்காவின் கையிலிருந்து ஜடை நழுவியது. அந்த ஆள் குழந்தையைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டு எங்களுக்குச் சொன்னார். வீட்டில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கடைக்குப் போய் வரலாம் என்று கூட்டிக்கொண்டு வந்தார். மாலையில் திரும்பிவிடலாம் என்று சொன்னார். பிறகு நடந்துகொண்டே இருந்தார்கள். காலரா இல்லை. காட்டில் அம்மா இல்லவே இல்லை.

"ஏன் அப்படிப் பண்ணாரு?" என்று நான்தான் கேட்டேன்.

"கேட்டா அவ வுட்டிருக்க மாட்டா. கூட கூட்டிக்கினு வரவும் முடியாது. அங்க பர்மாக்காரங்களுக்கும் நம்மளுக்கும் வெட்டுக்குத்து ஆய்ப்போச்சு" என்றார் அவர். "அந்த நேரத்துல யாரும் யோசிச்சு ஒண்ணும் செய்யலம்மா. நானும் செய்யல."

அக்கா விட்ட பின்னலை மறுபடி எடுத்துப் பின்னி முடித்தாள். பிறகு ஒன்றுதான் சொன்னாள்: "அந்தப் பொம்பள உயிரோட, புள்ளைய தேடிக்கினு இருப்பா."

அன்றிலிருந்து அவள் படிப்பதன் காரணம் மாறிவிட்டது. தாயோடு பேசுவதற்குக் குழந்தைக்கு அந்த பாஷை மிச்சமிருக்க வேண்டும். அதனால் குழந்தை மறக்க மறக்க அக்கா கற்றாள். சோறு போடும்போது அந்த பாஷையில் கேட்டால்தான் போடுவாள். இரண்டு வருஷத்தில் அக்கா அந்த ஆளுக்கு ஈடாகப் பேசினாள், குழந்தைதான் தடுமாறியது. பள்ளிக்கூடத்தில் அவளை பர்மாக்காரி என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு அந்த பாஷை வேணாம்மா. நான் தமிழ்லதான் பேசுவேன்" என்று கத்தினாள். அம்மா என்று அவள் கூப்பிட்டது அக்காவைத்தான்.

"அப்போ உங்கம்மாகிட்ட எப்படிப் பேசுவே?"

"நீதானே என் அம்மா."

எந்தப் பெண்ணுக்கும் இனித்திருக்க வேண்டிய பேச்சு அது. அக்கா அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யுத்தம் முடிந்து கப்பல் விட்டதும் அந்த நெசவாளி திரும்பவும் ரங்கூன் போனார். அங்கே அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போனார். பாவா வேலை செய்த மில்லையும் அதன் பின்னால் இருந்த குடியிருப்பையும் அக்கா சொல்லி அனுப்பினாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. பிறகு அவரே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தில் தெரிந்துவிட்டது.

மில் எரிந்துவிட்டது. குடியிருப்பில் பாதிப் பேர் இல்லை. ஒரு கிழவி மட்டும் குழந்தையின் அம்மாவை ஞாபகம் வைத்திருந்தாள். புருஷனும் குழந்தையும் வராத அன்று அவள் ராத்திரி முழுக்க வாசலில் நின்றிருக்கிறாள். மறுநாள், தமிழர்கள் எல்லாம் நடந்து போகிற பாதையில் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கட்டியிருந்த துணியோடு அதே பாதையில் பின்னால் போயிருக்கிறாள். அவளுடைய ஆட்களே வேண்டாம் என்று தடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை.

"அந்த வழியில நான் நடந்திருக்கேம்மா" என்றார் அவர். "அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

குழந்தை அப்போது வளர்ந்துவிட்டாள். பத்துப் பதினோரு வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆங்" என்றாள். பிறகு, "அவங்க மூஞ்சி எனக்கு ஞாபகமே வரலம்மா" என்றாள். அழவில்லை. எழுந்து போய்ப் பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

தெருப் பெண்கள், செத்த தாய்க்காக அவளைத் தலை முழுகச் சொன்னார்கள். அக்கா விடவில்லை. "செத்தத யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். ஆனால் அன்றோடு அந்த பாஷையைப் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் நாங்கள் எல்லோரும் தமிழில் பேசிக்கொண்டோம். என் கணவர் மேஸ்திரி ஆனார். துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

ஒரு மழைநாளில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த நான், பழக்கதோஷத்தில், தண்ணீர் கொண்டு வா என்பதை அந்த பாஷையில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"வேணாண்டி" என்றாள். "நாம அத யாருகிட்ட பேசறதுக்குக் கத்துகினோம்?"

தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.