வடக்கு நோக்கி விழுந்த பதினொரு பேர்

குசகாபே ஜூசோவுக்கு அந்தக் கார்த்திகையில் எழுபத்திரண்டு வயது. முழங்கால்களுக்கு மட்டும் தொண்ணூறு இருக்கும். பேருந்து அவரை மலையடிவாரத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. கையில் ஒரு துணி மூட்டை. அதற்குள் ஒரு கட்டு ஊதுபத்தியும் ஒரு பெயர்ப் பட்டியலும். பட்டியலில் இன்னும் ஒரே ஒரு வீடு. அதையும் முடித்துவிட்டால் படுத்துவிடலாம் என்று இருந்தது அவருக்கு.

ஒரு காலத்தில் இருபதாயிரம் பேருக்குத் தளபதி. அதற்காகப் பெரிய வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூட வாத்தியாரின் மூன்றாவது பிள்ளை. மூத்தவனுக்கு வீடு, இரண்டாமவனுக்கு மாமனாரின் கடை, மிஞ்சியவனுக்கு ராணுவம் என்று அப்பா பங்கு பிரித்துவிட்டார். மஞ்சூரியப் பனியில் இரண்டு கால்விரல் போயிற்று. பிறகு வருஷக்கணக்கில் மேசை வேலை. ரயில் நேர அட்டவணை போடுவதில் கெட்டிக்காரர். மேலதிகாரி கோபப்படும்படி ஒரு வார்த்தை பேச மாட்டார். அப்படியே ஏணியில் ஏறிக்கொண்டே போனார். யுத்தம் தோற்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு படையைக் கொடுத்து, தென்கடல் தீவு ஒன்றுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அந்தத் தீவுக்குக் கப்பலே வரவில்லை.

சரணடைந்து, சிறையிருந்து, ஊர் திரும்பியபோது மனைவி இல்லை. டோக்கியோ வீடு சாம்பல். ஷின்ஷூ மலைநாட்டில் கடை வைத்திருந்த அண்ணன் வீட்டுக் கொட்டகையில் கோழி வளர்த்தார். முன்பு இடுப்பு ஒடிய வணங்கியவர்கள் எதிரே கண்டால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போனார்கள். பிறகுதான் இந்த நடையைத் தொடங்கினார். தன் படையில் செத்தவர்களில் அந்த வட்டாரத்துக்காரர்களின் வீடுகளைத் தேடிப் போய், முன்னோர் மாடத்தின் முன் உட்கார்ந்து ஊதுபத்தி ஏற்றுவது. ஆறு வருஷம் நடந்தார்.

முதல் வீட்டில் ஒரு தாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை தாங்காமல் அவருடைய நாக்கு சொல்லிவிட்டது: உங்கள் மகன் வடக்கே, தாய்நாட்டைப் பார்த்துத் தலைவணங்கி, அப்படியே விழுந்தான். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த வீட்டில் வேறு மாதிரி சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. நல்ல மனசில் சொன்ன பொய்தான். ஆனால் பொய் சொல்கிறவன் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாற்றியாவது சொல்ல வேண்டாமா? ரயில் அட்டவணை போட்ட கைக்கு அது வரவில்லை. இந்த ஒரு கிராமத்தில் மட்டும் பதினொரு பேர் செத்திருந்தார்கள். முன்பு வந்தபோதெல்லாம் பத்து வீட்டில் அதே வாக்கியத்தைச் சொல்லி முடித்திருந்தார்.

பதினோராவது வீடு மினேயோவுடையது. தாட்டியான உடம்பு, ஊறுகாய்க்குக் கீரை அலசிச் சிவந்த கைகள். வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஷூவக் கழட்டாதீங்கய்யா. மொதல்ல ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"எம் புருஷன் ஹட்சுகிச்சி எந்தப் பக்கம் பாத்து விழுந்தாரு?"

வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. "வடக்கே..."

"அதான பாத்தேன்!" என்றாள் மினேயோ. "போன வாரம் எல்லாரும் வெந்நீர் ஊத்துல ஒக்காந்து கீரை அலசினோம். கைதான அங்க வேலை செய்யுது, வாய் சும்மாதான இருக்கு? பேசிப் பாத்தா பத்து வீட்டுக்கும் வடக்குதான். ஏங்கய்யா, அத்தனை பேரும் திரும்பி நின்னு கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிராளி துப்பாக்கியக் கீழ வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருந்தானா?"

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் யாரும் பேசல. கீரைய மட்டும் அலசிட்டு வந்துட்டோம்." அவள் குரல் இறங்கியது. "எலும்புன்னு சொல்லி ஒரு பொட்டி வந்துச்சு. தெறந்தா ஒரு கல்லு. அதயும் வாங்கி வச்சேன். நீங்களும் கல்லுதான் குடுப்பீங்கன்னா வேணாம்யா. நெசத்தச் சொல்லுங்க. இல்லன்னா ஊதுபத்தியத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க."

கிளம்பியிருக்கலாம். மூன்று மணிக்குப் பேருந்து இருந்தது. ஆனால் பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். அன்று அது அவரிடம் இல்லை.

"ஹட்சுகிச்சிய நான் பாத்ததே இல்லம்மா," என்றார். "கப்பல் வரல. புல்லத் தின்னாங்க, பட்டையத் தின்னாங்க. காலையில எழுப்புனா பாதிப் பேர் எழுந்திரிக்க மாட்டாங்க. ஒரு மாசத்து அறிக்கையில அவர் பேரு இருந்துச்சு. போரில் மரணம்னு எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"நீங்க?"

"என்னம்மா?"

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். கடைசி நாள் வரைக்கும் எனக்குக் கஞ்சி வந்துச்சு. எங்கேர்ந்து வருதுன்னு நான் கேக்கல."

மினேயோ அழவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவருக்குப் பசி தாங்காது. வயல்லேர்ந்து வந்தா கால் கழுவறதுக்குள்ள கத்துவாரு," என்றாள்.

அவர் குனிந்து ஷூக் கயிற்றில் கை வைத்தார்.

"இப்ப வேணாம்யா. அந்தப் பத்து வீட்டுலயும் இத அப்படியே சொல்லிட்டு வாங்க. அப்புறம் ஊதுபத்தி ஏத்தலாம்."

"அவங்க நிம்மதியா இருக்காங்கம்மா."

"இருந்தாங்க. இப்ப என்னய எதிர்ல பாத்தா மொகத்தத் திருப்பிக்கிறாங்க, சிரிக்க வச்சவ நான்தானேன்னு. நானா போய்ச் சொல்ல முடியும்? நீங்க சொன்னது, நீங்களே போய்த் திருப்பி எடுத்துக்கங்க."

பக்கத்து வீடு யோனேயுடையது. அவளுடைய ஒரே பிள்ளை மசாருவின் கல்லறையில் 'வடக்கு நோக்கி விழுந்தான்' என்று வெட்டியிருந்தது. போன வருஷம் அவள் கேட்டுக்கொண்டதற்காக அந்த எழுத்தைத் தூரிகை பிடித்து எழுதிக் கொடுத்தவரே குசகாபேதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருபது அடி. தீவில்கூட அவ்வளவு களைப்பாக அவர் நடந்ததில்லை.

"அட, தளபதி ஐயாவா! வாங்க வாங்க. கல்லுக்கு நேத்துதான் சாமந்தி வச்சிட்டு வந்தேன். தேத்தண்ணி போடறேன், உள்ள வாங்க," என்றாள் யோனே.

"வேண்டாம்மா. மசாருவப் பத்தி நான் சொன்னது..."

"தெரியும்யா." அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். அடுப்பிலிருந்த கெட்டிலைக் கையில் எடுத்தாள். "கீரை அலசுன அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க உங்க வாயால சொல்லாதீங்க."

அவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்:

"பசியிலதாம்மா போனான்."

யோனே கெட்டிலைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"எத்தன நாளு கெடந்தான்?"

அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னார்.