லைன்மேன் வீட்டு டெலிபோன்

அந்த நாலு தெருவிலும் அவளை ‘எக்சேஞ்சு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் மின்சார இலாகாவில் லைன்மேன். அவசரத்துக்கு ஆள் கிடைக்க வேண்டுமென்று, இலாகா தன் செலவிலேயே அவர்கள் வீட்டில் டெலிபோன் வைத்திருந்தது. கம்பி அறுந்தாலும் கம்பத்தில் பொறி பறந்தாலும் ஜனங்கள் அந்த எண்ணுக்குத்தான் போன் போடுவார்கள். அவர் பாதி நேரம் கம்பத்தின் மேல் இருப்பார். எடுப்பது அவள்தான். எந்தத் தெரு, எந்தக் கம்பம், பக்கத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டு, சைக்கிளை மிதித்து அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய்ச் சொல்வாள். பதினோரு வருஷம் இப்படி ஓடியது. இதற்கு அவளுக்கு யாரும் சம்பளம் தரவில்லை, அவளும் கேட்டதில்லை.

ஒரு கோடையில் அவளுடைய அக்கா நோயில் விழுந்தாள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது. ஒரு நாள் பஸ் பயணத் தொலைவு. வீட்டையும் போனையும் விட்டுவிட்டு இவளால் அடிக்கடி போக முடியவில்லை. மத்தியானத்தில், புருஷன் இல்லாத நேரம் பார்த்து, அக்காவுக்குப் போன் போட ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் நாற்பத்தோரு தடவை. அதற்குப் பிறகு பேச ஆள் இல்லை.

அடுத்த மாதமே ஒரு சுற்றறிக்கை வந்தது. பொதுப்பணத்தில் வீட்டு டெலிபோன் இனி அதிகாரிகளுக்கு மட்டும். கீழ்நிலை ஊழியருக்கு வேண்டுமென்றால், வேலைக்கு அவசியம் என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கையெழுத்துப் போடுவதற்குமுன் பொறியாளர் பழைய பில்களை எடுத்துப் பார்த்தார். லைன்மேனைக் கூப்பிட்டார்.

“என்னய்யா இது? ஒரே நம்பருக்கு நாற்பத்தோரு வெளியூர் கால்?”

லைன்மேன் அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “என் வீட்டுக்காரியோட அக்கா, சார். சாகக் கிடந்தாங்க. பணத்தை நான் கட்டிடறேன்.”

“நீ கட்டிடுவே. நாளைக்குத் தணிக்கைக்காரன் வந்து, இந்த வீட்டுக்கா அவசியம்னு எழுதிக் கொடுத்தீங்கன்னு கேட்டா, என் தலைதானே உருளும்?”

பொறியாளர் கெட்டவர் இல்லை. அந்தத் தாளை இரண்டு நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் கையெழுத்தில்லாமலே திருப்பி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் லைன்மேன் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா வேணாம்னு சொல்லுவீங்கன்னு பயந்தேன்.”

“வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்” என்றார் அவர். அது அவளை அடித்த மாதிரி இருந்தது.

டெலிபோனைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவள் வீடு வீடாகப் போய், இனிமேல் ஆபீசுக்குப் போன் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆபீசில் இருந்தது ஒரே போன்.

ஐப்பசி மாதம் ஒரு பிற்பகல், காற்றும் மழையுமாக அடித்தது. தையல்காரர் கடைக்கு முன்னால் கம்பி அறுந்து விழுந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரம். “நீ இங்கயே நின்னு யாரையும் விடாதே” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தையல்காரர் எதிர் மருந்துக்கடைக்கு ஓடினார். ஆபீஸ் போன் எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. பழக்கதோஷத்தில் லைன்மேன் வீட்டு எண்ணைச் சுழற்றினார். அது ஊமையாக இருந்தது. போனை வைத்துவிட்டு, மழையில் நான்கு தெரு தாண்டி ஓடினார்.

லைன்மேன் வீட்டில்தான் இருந்தார். சங்கதி காதில் விழுந்ததும் செருப்பில்லாமல் பாய்ந்துபோய் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தினார். அதற்குள் பதினைந்து நிமிஷம் போய்விட்டது. தையல்காரரின் மனைவி கையை விரித்துக் கத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து தன் காலைத் தொட்டதை அவள் கவனிக்கவில்லை.

தையல்காரர் மனைவியின் சாவுக்கு விசாரணை நடந்தது. வீட்டில் இருந்தும் தாமதமானது ஏன் என்று லைன்மேனிடம் விளக்கம் கேட்டார்கள். ஒரு வருஷத்துச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். டெலிபோன் விதிப்படியே எடுக்கப்பட்டது என்று அறிக்கை முடிந்தது.

லைன்மேன் மனைவி விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனாள். “போன் போனது என்னாலதான் சார். அதையும் எழுதிக்கோங்க.”

“அதை யாரும் கேக்கலம்மா. வீட்டுக்குப் போங்க” என்றார் அவர்.

அங்கிருந்து நேராகத் தையல்காரர் கடைக்குப் போனாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“உங்கக்கா பொழச்சாங்களா?”

“இல்லண்ணே.”

“கடைசி வரைக்கும் பேசினாங்களா?”

“கடைசி வாரம் மூச்சுச் சத்தம்தான் கேட்டுச்சு. அதையே கேட்டுக்கிட்டிருந்தேன்.”

தையல்காரர் போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. பிறகு, “வேலை கெடக்குதும்மா” என்று துணியை இழுத்து ஊசிக்கடியில் வைத்தார்.

தை மாதம் லைன்மேனுக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய வண்டி தையல் கடையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தையல்காரர் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், கடை கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே போனாள்.