மாடு நுழைவதற்காக எடுத்த முட்டுகள்

ஏழாம் வகுப்பில் உலக அதிசயங்களைப் பற்றிப் பேசும்போது பலகையில் இரண்டு பட்டியல்கள் எழுதுவேன். இடப்பக்கம் பழைய காலத்து ஏழு. வலப்பக்கம் இந்தக் காலத்து ஏழு. பழைய ஏழில் இன்று நிற்பது பிரமிடு ஒன்றுதான். மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக டஸ்டரால் அழிப்பேன். தொங்கும் தோட்டம் போகும்போது பெண் பிள்ளைகள் "ஐயோ டீச்சர்" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே மெதுவாக அழிப்பேன். இந்த வருடம் அந்தப் பாடத்தை வேறொரு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன்.

என் மகளுக்குக் கட்டடப் பைத்தியம். பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். மற்றவர்கள் தாஜ்மகால் படம் ஒட்டினால் இவள் சிங்கப்பூரில் மூன்று கோபுரங்களின் தலைமேல் கப்பல் போல உட்கார்ந்திருக்கும் மொட்டைமாடியை ஒட்டுவாள். அதன் ஒரு முனை கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் ஆகாயத்தில் நீண்டிருக்கும். கச்சிராயபாளையம் சாலைப் பக்கம் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாடியில், வாசலுக்கு நேர் மேலே, தூண் இல்லாத ஒரு பால்கனி. அங்கே நின்றால் கல்வராயன் மலை முழுதாகத் தெரியும்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ரெண்டு தூணு குடுத்துட்டா நிம்மதிங்க டீச்சரம்மா."

"தூண் வெச்சா அது பால்கனி இல்ல அண்ணா, பஸ் ஸ்டாப்பு" என்றாள் மகள். அவரும் சிரித்துவிட்டார்.

"செரி, கம்பிய மேல் பக்கமா ஜாஸ்தி கட்டிடறேன். ஆனா ஒண்ணு. முட்டு இருவத்தெட்டு நாளு நிக்கணும். யாரு சொன்னாலும் எடுக்கக் கூடாது."

கான்கிரீட் போட்டார்கள். கீழே சவுக்குக் கம்பங்கள் நெருக்கமாக முட்டுக் கொடுத்து நின்றன. தலைவாசலுக்கு முன்னால் ஒரு சின்னத் தோப்பு முளைத்தது போல இருந்தது. ஒருவர் உடம்பைத் திருப்பித்தான் உள்ளே போக முடியும்.

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் புதுமனை புகுவிழா என்று குறித்திருந்தோம். ஆனியிலும் ஆடியிலும் எங்கள் குடும்பத்தில் புது வீடு புக மாட்டோம். அதை விட்டால் ஆவணிதான். பத்திரிகை அடித்து, கொடுத்தும் ஆகிவிட்டது. முதலில் மாடும் கன்றும் தலைவாசல் வழியாக உள்ளே போக வேண்டும், அதன் பிறகுதான் மனிதர்கள். அந்தத் தோப்புக்குள் மாடு எப்படி நுழையும்?

விழாவுக்கு முந்தின நாள் காலையில் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். அவர் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் வேறொரு வேலையில் இருந்தார்.

"மாட்ட பின்னாடி பக்கமா வுட்டா இன்னாங்க?"

"பின்வாசல் வழியாவா மாடு வரும்? வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. பன்னெண்டு நாளுதாங்க ஆவுது."

நான் போனை வைத்தேன். உரக்கடையில் இருந்த கணவரைக் கேட்டேன். "உனக்குத் தெரியாததா, பாத்துச் செய்" என்றார். முட்டுக் கட்டிய சென்ட்ரிங் ஆளைக் கூப்பிட்டேன். மேஸ்திரி சொல்லாமல் எடுக்க மாட்டேன் என்று அவனும் தயங்கினான். "மேஸ்திரிகிட்ட பேசிட்டேன்" என்றேன். பேசினேன் என்பது பொய்யில்லை. மதியத்துக்குள் வாசல் வெறிச்சென்று ஆனது.

விழாவன்று மாடு மிரளாமல் நேராக உள்ளே போனது. கூடத்தில் சாணமும் போட்டது. "லட்சுமி வந்துட்டா" என்று என் நாத்தனார் கைதட்டினார். சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மகள் மாடிக்குப் போனாள். அவளைப் படமெடுக்க நான் தெருவின் எதிர்ப்பக்கம் போனுடன் நின்றேன்.

"நான் முழுசா வர்றேனாம்மா?"

"இன்னும் கொஞ்சம் முன்னால வாடி."

முழங்காலில் வைத்துக் கரும்பை ஒடிப்பது போல ஒரு சத்தம். போன் திரையில் பால்கனி இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். அவளை அல்ல.

அன்றிலிருந்து கூரைகளுக்குக் கீழே நிற்க முடியவில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெயிலில்தான் நிற்கிறேன். தெரிந்தவர்கள் "உள்ள வாங்க டீச்சர்" என்று கூப்பிட்டால் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல நடிக்கிறேன். மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே போய் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். கணவரும் என்னை எதுவும் கேட்பதில்லை. யாராவது கேட்டுவிட்டால் தேவலை.

மகள்தான் பேசினாள். புதுச்சேரி மருத்துவமனையில், அறுவைக்குப் பிறகு, இடது காலில் முழங்காலுக்குக் கீழே கம்பிகளோடு.

"பிரமிடு நாலாயிரம் வருஷத்துக்கு மேல நிக்குது. நம்மளுது பதிமூணு நாளு. உங்க பலகையில எழுதறதுக்குள்ளயே போயிடுச்சும்மா."

சிரிக்கச் சொன்னதுதான். நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

புது வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் பழைய வாடகை வீட்டுக்கே வந்தோம். எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்புதான் என்றார் மருத்துவர். பாதத்தில் உணர்ச்சி வந்தால் ஊன்றி நடக்கலாம். வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. தினம் ஒருமுறை அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கச் சொன்னார்.

பல வாரங்கள் அவள் "இல்ல" என்றே சொன்னாள். ஒவ்வொரு "இல்ல"வுக்குப் பிறகும் என் முகத்தைப் பார்ப்பாள். போன திங்கட்கிழமை முதல்முறையாக "தெரியுது" என்றாள். நான் செருப்பில்லாமல் உரக்கடை வரை ஓடினேன். கணவர் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அன்று மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். பால்கனி விழுந்த பிறகு அதுதான் முதல்முறை.

நேற்று மாலை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பேனாவை எடுத்தேன். தெருவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. அது கடக்கட்டும் என்று கையை நிறுத்தினேன். பேனா அவள் பாதத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"தெரியுதும்மா" என்றாள். "கட்டவெரல்தான?"

கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். உதட்டில் எனக்காக ஒரு சிரிப்பு.

"ஆமாண்டி" என்றேன்.