நிழல் விழுந்த பக்கம்

பெருவிரல் அளவுப் பித்தளைப் பெட்டி அது. பழைய சாமான் சந்தையில் குங்குமச் சிமிழ் என்று நினைத்து அதை வாங்கிவந்தவர் தையல்கடை அக்கா. லா ஷப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் இருந்த அவருடைய கடையில்தான் அப்போது நான் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்தால் ஒரு பாதியில் திசைகாட்டி; மறுபாதியில் கிண்ணம்போல் ஒரு குழிவு, நடுவில் ஊசி, அதற்கு வடக்கே வளைவாகச் சில எழுத்துகள்.

பாவாடை சுருக்க வந்த ஜப்பானியப் பெண் அதைக் கண்டதும் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய நாட்டில் முற்காலத்துப் பயணிகள் கூடவே கொண்டுபோன வெயில் மணிக்கூடாம். திசைகாட்டியைப் பார்த்துப் பெட்டியைத் திருப்பி வைத்தால், ஊசியின் நிழல் எந்த எழுத்தில் விழுகிறதோ அதுதான் நேரம். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர், நண்பகலுக்குக் குதிரை என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் கடை வடக்குப் பார்த்தது. வெயில் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. ஆனாலும் பெட்டியைத் தன் தையல் மெசினின் ஓரத்தில் திறந்தே வைத்திருந்தார்.

குளிர்காலத்து மதியம் ஒன்றில், "இஞ்சை வா பிள்ளை," என்று கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. எழுந்து போனேன். பெட்டியின்மேல் காசளவு வெளிச்சம். ஊசியின் நிழல் எழுத்துகளுக்கு எதிர்ப்புறம், ஒன்றுமே எழுதாத வெறும் பித்தளையில் விழுந்திருந்தது.

"அங்கையிருந்து ஆரோ கண்ணாடி காட்டுகினம்."

எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு ஜன்னல் அகலத் திறந்து பளபளத்தது. நன்றாகப் பார்க்கவென்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். நடைபாதையில் கால் வைத்ததும் பின்னால் பெருஞ்சத்தம். கூரைச் சாந்து பாளமாகப் பெயர்ந்து மெசின்மேல் விழுந்திருந்தது. அவர் இருந்த கதிரை முறிந்து கிடந்தது.

தூசிக்குள் நின்று இருவரும் மேலே பார்த்தோம். அந்த ஜன்னலின் மரக்கதவுகள் இறுகச் சாத்தியிருந்தன. கொண்டியெல்லாம் துரு. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் விசாரித்தோம். அங்கிருந்த மூதாட்டி இறந்தபின் யாரும் குடிவரவில்லை, பூட்டிய வீட்டின் திறப்பு தன்னிடம்தான் இருக்கிறது என்றார்.

"ஏறிப் பாப்பமோ அக்கா?"

"வேண்டாம். காப்பாத்தின ஆக்களிட்டைப் போய்க் கேள்வி கேக்கிறதே?"

அக்கா இப்போது கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் மகளோடு இருக்கிறார். பேசும்போதெல்லாம், "அந்த ஜன்னல் திறந்திருக்கோ?" என்று கேட்பார். இல்லை என்பேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில் போகும்போது எதிர்க் கட்டடத்தின் சுவரை ஒட்டியே நடக்கிறேன். அங்கிருந்து அண்ணாந்தாலும் அந்த ஜன்னல் தெரியாது.